பாக்கிஸியோவின் ரத்தம் உளறியது

"பாக்கிஸியோ சேக்கி, வயது ஐம்பத்து மூன்று, ஆடு வளர்ப்பவர். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய், பதினோரு ஆண்டுகளாக. நிலை: சீர். ஓய்வான வாழ்க்கை. அறிவுரைக்குக் கட்டுப்படுபவர்."

மருத்துவமனைக் கோப்பு அவனை இப்படித்தான் அறிந்திருந்தது. கடைசி வரியை வாசிக்கக் கேட்ட மனைவி கிராசியேத்தா, "இது எந்த பாக்கிஸியோ? கண்டா நம்ம வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க" என்றாள்.

நடக்கத்தான் தடி வேண்டும், குதிரை ஏறுவதற்கு வேண்டாம் என்பது அவன் சித்தாந்தம். ஜூலைத் திருவிழாவில் தேவாலயத்தைச் சுற்றிப் பாயும் குதிரைகளோடு இருபத்தைந்து வருடம் பாய்ந்தவன், ஒருமுறைகூட விழாதவன். நோய் வந்தபின், இனி ஏறுவதில்லை என்று மனைவிக்குச் சத்தியம் செய்திருந்தான். இந்த ஜூலையில் ஒரு விடியற்காலை, யாருக்கும் தெரியாமல் ஏறிப் பார்த்தான். இடது கால் சேணத்து அங்கவடியில் நிற்கவில்லை. கண் விழித்தபோது குதிரை நிதானமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தது. நெற்றி வீக்கத்துக்கு வீட்டில் தொழுவக் கதவின் மேல் பழி போட்டான்.

ஆறு வாரம் கழித்து வழக்கமான ரத்தப் பரிசோதனை. நரம்பு சிதைந்தால் ரத்தத்தில் கசியும் ஒரு புரதத்தை அதில் அளப்பார்கள். அது ஏறினால் நோய் மறுபடி பாயக்கூடும், கைகால் முடங்கக்கூடும் என்று அனுமானிப்பார்கள். அவனுக்கு மூன்று மடங்கு ஏறியிருந்தது.

"ஸ்கேன்ல புதுசா ஒண்ணும் இல்லண்ணே. ஆனா ரத்தம் வேற சொல்லுது" என்றார் டாக்டர் பின்னா, பக்கத்து ஊர்ப் பெண். "இன்னும் பலமான மருந்துக்கு மாத்தணும். அதுல எதிர்ப்பு சக்தி நல்லா குறைஞ்சுடும். நடுவுல தலையில அடி கிடி பட்டுச்சா? அதுக்கும் இது ஏறும்."

"இல்ல."

கார் ஓட்டி வந்த மைத்துனன் கவீனோ கதவில் சாய்ந்து நின்றான். "அத்தான் தலையில மோதினா கல்லுக்குத்தான் டாக்டரம்மா வைத்தியம் பாக்கணும்!"

கவீனோவிடம் ஒன்று சொன்னால், மாலைக்குள் ஊர் மதுக்கடை முழுக்கச் சொன்ன மாதிரி. நோய் கடவுள் கொடுத்தது, அதில் யாருக்கும் வெட்கமில்லை. குதிரையிலிருந்து விழுவது அவனவன் சம்பாத்தியம். பலமான மருந்தையே ஏற்றிக்கொள்வது மேல் என்று பாக்கிஸியோ முடிவு செய்து, ஒரு தியாகியின் முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிராசியேத்தா, வாயாடிக்குச் சற்றும் பொருந்தாத குரலில், "சக்கர நாற்காலிக்கு இன்னும் எத்தனை வருஷம்மா இருக்கு?" என்று கேட்டாள். மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"நிச்சயமா சொல்ல முடியாதுக்கா. ஆனா இந்த அளவு நல்லதுக்கில்ல."

"வாசப்படிய இடிச்சுச் சரிவா கட்டிடலாம்" என்றாள் அவள், தனக்குத் தானே.

பாக்கிஸியோ தொண்டையைச் செருமினான். ஜூலை இரண்டாம் தேதி விடியலில், தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் வளைவில், யாரும் தள்ளாமல், தானாகவே குதிரையிலிருந்து விழுந்து தலையை மோதிக்கொண்டதாக, மனைவிக்கும் கவீனோவுக்கும் கேட்கும்படி டாக்டரிடம் சொன்னான்.