முந்நூறு படி ஏறிய பை

அடுத்த வாரம் மகளும் நானும் முதுகில் பை மாட்டி ஆந்திராவின் அரக்கு மலையைச் சுற்றுவதாகத் திட்டம். ஒத்திகைக்காக, புதுப் பையில் எட்டு கிலோ அரிசியைச் சுமந்துகொண்டு இன்று காலை மகளோடு திருப்பதி மலையின் அலிபிரி படி ஏறினேன்.

முந்நூறாவது படியில் முட்டி மறுத்துவிட்டது. உட்கார்ந்தேன்.

வேண்டுதலுக்காகப் படிக்குப் படி குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு வந்த அம்மா ஒருவர் என்னை எட்டிப் பிடித்தார்.

"அண்ணா, கொஞ்சம் நவுருங்க. நீங்க குந்திக்கினு இருக்கிற படிக்கும் வெக்கணும்."

நகர்ந்தேன். வைத்துவிட்டு மேலே போய்விட்டார்.

மகள் கேலி செய்யவில்லை, அதுதான் வலித்தது. அரிசியைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நைனா, அரக்குக்கு நான் மட்டும் போய்ட்டு வரேன். உனக்கு போட்டோ அனுப்பிக்கினே இருக்கேன்."

இப்போது அவள் பையை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முந்நூறு படி மட்டுமே ஏறிய பை ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. நல்ல முட்டி உள்ளவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள்.