கீப்பர் நிற்கும் இடம்

டயர்க் கடையில் லாரிச் சக்கரத்தைத் தனியாளாகக் கழற்றிப் போடுகிற பெண்ணுக்கு 'பஞ்சர்' என்று பட்டப்பெயர் வைத்தவன் எவனோ தெரியாது. அவன் அவள் பந்துக்கு எதிரே மட்டை பிடித்து நின்றதில்லை என்பது மட்டும் நிச்சயம். ஊர்க் கிரிக்கெட் மைதானத்தில் பெண்கள் வீசியதிலேயே அதிவேகப் பந்து அவளுடையதுதான். மணிக்கு நூற்றுப் பதினான்கு கிலோமீட்டர்.

அதெல்லாம் குழந்தை பிறப்பதற்கு முன்பு. வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். இனி தாராளமாக விளையாடலாம் என்று டாக்டர் சொல்லியும் மாதங்கள் ஓடிவிட்டன. வேகம்தான் வந்தபாடில்லை. பேக்கரியில் வேலை பார்க்கும் கேப்டன் மென்று விழுங்காமல் சொல்லிவிட்டாள்: "இன்னிக்கு ஒரு மேட்ச் பாக்கறேன்க்கா. பழைய வேகம் வரலைன்னா இந்த சீசன்ல இடம் கஷ்டம்தான்."

விக்கெட் கீப்பர் வேறு யாருமில்லை, பஞ்சரின் நாத்தனார்தான். பல் டாக்டரிடம் வேலை. நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்கச் சொல்கிறவள், தன் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. வேகமாக வீசினால் கீப்பர் தள்ளி நிற்பாள், வேகம் குறைந்தால் கிட்டே வருவாள். அவள் நிற்கும் இடத்தைப் பார்த்தாலே பௌலரின் யோக்கியதை தெரிந்துவிடும்.

முதல் ஓவரில் பந்து இரண்டு முறை தரையில் குத்தி, தள்ளாடிக்கொண்டு நாத்தனாரிடம் போய்ச் சேர்ந்தது. வேகம் காட்டும் போர்டில் தொண்ணூற்றெட்டு. நாத்தனார் நாலடி முன்னால் வந்து நின்றாள். பஞ்சருக்குச் சுருக்கென்றது. பெற்ற பிள்ளையும் கட்டிய புருஷனும் எல்லைக்கோட்டருகே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!

"பின்னாடி போய் நில்லு. ஊரே பாக்குது."

"பந்து வந்தா போறேன் அண்ணி. வராத பந்துக்கு அங்க நின்னு தூங்கவா?"

அடுத்த ஓவரில் மட்டை விளிம்பில் பட்ட பந்து நாத்தனாரின் கையுறைக்குள் போய் உட்கார்ந்தது. பழைய இடத்தில் நின்றிருந்தால் அது தரையில்தான் விழுந்திருக்கும். எல்லோரும் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள். விக்கெட் எடுத்துவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பௌலரை உலகத்தில் வேறெங்கே பார்ப்பது!

தண்ணீர் இடைவேளையில் நாத்தனார் பாட்டிலை நீட்டினாள்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. ஓடி வர்றப்ப உங்க இடது கை எங்க இருக்கு தெரியுமா?"

"எங்க இருக்கும், தோள்லதான்."

"வயித்து மேல. தையல் பிரிஞ்சிடுமோன்னு பொத்திக்கிட்டே ஓடறீங்க. லாரி டயரைத் தூக்குறப்ப பிரியாதது பந்து போட்டா பிரிஞ்சிடுமா?"

பஞ்சர் குனிந்து இடது கையைப் பார்த்தாள். தன் கை தனக்கே தெரியாமல் அப்படி ஒரு வேலை பார்த்திருக்கிறது. அழுகை முட்டியது, கூடவே சிரிப்பும் வந்தது.

மறுபடி பந்து கைக்கு வந்தபோது ஓட்டத்தின் தொடக்கத்தில் சற்று நேரம் சும்மா நின்றாள். பயமாகத்தான் இருந்தது. பிறகு இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடிவந்தாள். கடைசித் தாவலில் இடது கை வானத்தைப் பார்க்க உயர்ந்தது. பந்து தரையில் குத்தி எழும்பி, மட்டைக்காரியைத் தாண்டி, எம்பிக் குதித்த நாத்தனாரின் தலைக்கும் மேலே பறந்து எல்லைக்கோட்டைத் தொட்டது.

எதிரணிக்கு ஓசியில் நாலு ரன். கேப்டன் தலையில் கைவைத்துக்கொண்டாள், போர்டைப் பார்க்கும்வரை. நூற்றுப் பதினேழு.

நாத்தனார் திரும்பி நடந்தாள். பழைய இடம் வந்தது, அங்கேயும் நிற்கவில்லை. இன்னும் மூன்றடி தள்ளிப் போய்க் குனிந்து நின்று, கையுறையை வாயருகே குவித்து ஏதோ கத்தினாள். என்ன சொன்னாள் என்று பஞ்சருக்குக் காதில் விழவில்லை. அவ்வளவு தூரத்தில் நின்றாள்.