மருந்தைத் தின்ற மண்

பூச்சிமருந்துக் கடையில் வேலை பார்ப்பவளுக்கு மருந்தைப் பற்றித் தெரிந்தால் மட்டும் போதாது, அது விழுகிற மண்ணில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மைசூரு மண்டி மொஹல்லாவில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் கடை. ஒரு அலமாரியில் கொல்லும் மருந்துகள், எதிர் அலமாரியில் மண்ணுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்ப் பொட்டலங்கள். ஒன்றுக்கொன்று ஆகாத சரக்குகளை ஒரே கவுண்டரில் விற்பவர்களுக்கு என் பாடு புரியும்.

ஒரே தண்ணீரில் இரண்டும்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கோபிநத்தம் ஊர்க்காரர் முருகேசனுக்குத் தக்காளிதான் பிழைப்பு. வேரழுகல் வந்து செடிகள் சாய ஆரம்பித்ததும் கடைக்கு வந்தார். வேருக்கு டிரைக்கோடெர்மா பொட்டலம் கொடுத்தேன். இலையிலும் புள்ளி இருந்ததால் ஒரு பூஞ்சைக்கொல்லியும் கொடுத்து, "ரெண்டையும் சேர்க்காதீங்க, நடுவுல நாள் விடுங்க" என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுபடி வந்தபோது முகம் சுண்டியிருந்தது. செடி சாய்வது நிற்கவில்லையாம். எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். கூலி ஆள் கிடைப்பது கஷ்டம் என்று இரண்டையும் ஒரே டிரம்மில் கலக்கி வேரில் ஊற்றியிருக்கிறார். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான், நல்ல பூஞ்சை, அதற்கு உயிர் உண்டு, பூஞ்சைக்கொல்லி அதையும் சேர்த்துக் கொன்றுவிடும் என்று விளக்கினேன். பிறகு பொட்டலத்தை மட்டும் தனியாக வாங்கிப் போய், சாணி எருவில் கலந்து போட்டுப் பாதித் தோட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார். நான் விளக்கிய அன்று கவுண்டரில் நின்று அவர் சொன்னது இதுதான்:

"ஏனுங்க அம்மிணி, அப்ப உசுரோட பஸ்ல கூட்டிட்டுப் போயி, நானே கொன்னு போட்டனுங்களா?"

போலி மருந்து

ஹனூர்ப் பக்கம் வாழை வைத்திருக்கும் சரசம்மா ஒரு நாள் கடை வாசலிலேயே நின்று, "போலி மருந்து விக்கிறாங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். வேர்ப்புழுவுக்கு வருஷா வருஷம் வாங்கும் அதே குருணை மருந்துதான், ஆனால் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. ஸ்கூட்டரில் போனவர்கள் நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். முதலாளி வெளியே வரவில்லை. நான்தான் வாசலுக்குப் போனேன்.

உள்ளே உட்காரவைத்து ஒரு யோசனை சொன்னேன். வேலியோரம் இந்த மருந்தே படாத மண்ணில் நாலு கன்றுக்கு இதே டப்பாவிலிருந்து போட்டுப் பாருங்கள், அங்கேயும் கேட்காவிட்டால் நானே உங்களோடு வந்து புகார் கொடுக்கிறேன் என்றேன். அரைமனதாகத்தான் போனார்.

வேலியோரக் கன்றுகளில் மருந்து நன்றாகவே கேட்டது. பழைய இடத்து மண்ணில் இருந்த நுண்ணுயிர்களோ அந்த மருந்தையே ஆகாரமாக்கப் பழகிவிட்டிருந்தன. புழுவிடம் போவதற்குள் அவை தின்று தீர்த்துவிடும். மருந்தை மாற்றுங்கள், நடுவில் ஒரு முறை வேறு பயிர் வையுங்கள் என்றேன். வாசலில் சத்தம் போட்டவர் இப்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"வருஷந் தவறாம நானே ஊட்டி வளத்தியிருக்கறேன், அதுக தின்னாம என்ன பண்ணும்."

பாலாறு தாண்டி வந்த தொட்டி

சின்னசாமி, மாநில எல்லையில் ஓடும் பாலாற்றுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் குத்தகைக்கு நிலம் பிடித்திருந்தார். முன்னால் இருந்தவர் மக்காச்சோளம் போட்டுக் களைக்கொல்லி தெளித்த நிலம் அது. இவருக்கு பீன்ஸ் விதைக்க அவசரம். அந்த வருஷம் மழை இல்லை. ஈரம் இல்லாத மண்ணில் நுண்ணுயிர்கள் சோர்ந்து கிடக்கும், களைக்கொல்லியைச் சிதைக்க ஆள் இருக்காது, மிச்சமிருப்பது பீன்ஸையும் கருக்கிவிடலாம். அதனால் முதலில் அந்த மண்ணை ஒரு தொட்டியில் எடுத்து நாலு விதை ஊன்றிப் பாருங்கள் என்று சொன்னேன்.

முளைத்த செடிகள் இலையோரம் மஞ்சளாகிக் கருகின. மனுஷர் துடித்துப்போனார். ஆனாலும் விதைப்பைத் தள்ளிப்போட்டார். எரு போட்டார், தண்ணீர் பாய்ச்சி ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டார், திரும்பத் திரும்பத் தொட்டியில் ஊன்றிப் பார்த்தார். ஒரு காலையில் கவுண்டர் மேல் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பீன்ஸ் பச்சைப்பசேலென்று கொடி விட ஆரம்பித்திருந்தது. அத்தனை தூரம் பஸ்ஸில் மடியிலேயே வைத்து வந்திருக்கிறார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அவர் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:

"செக்போஸ்ட்ல எறக்கி என்ன செடின்னு கேட்டாங்க, என்ற நெலத்தோட மெடிக்கல் ரிப்போர்ட்டுங்கன்னு சொல்லிப்போட்டு வந்தனுங்க."

கொல்வதற்கும் வளர்ப்பதற்கும் ஒரே கையால் பில் போடுகிற வேலை இது, எதை எதோடு சேர்க்கக்கூடாது என்று நான் சொல்லிக்கொண்டே இருக்க, கேட்காமல் சேர்ப்பவர்கள் இருக்கும்வரை சம்பளத்துக்குக் குறைவில்லை.