மாமனாருக்குப் பின்னால் என் ஸ்கூட்டர்

வயதானவர் நடக்கப் போகும்போது பின்னாலேயே போய்ப் பார்த்துக்கொள்வது அக்கறையா, தொந்தரவா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

என் மாமனார் முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். லாரிகள் கவிழும் தொப்பூர் மலை இறக்கம் அவருக்கு வீட்டு வாசல் மாதிரி. உட்கார்ந்தே உழைத்த உடம்பு. சர்க்கரை ஏறியதும் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் தெருமுனையிலிருந்து மலைப்பக்கம் போகும் ரோட்டில் மேடு ஏறி இறங்கி வருவார்.

போன வருஷம் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிட மறந்து, குளியலறையில் மயங்கிச் சாய்ந்துவிட்டார். கதவைத் தட்டிக்கொண்டு நின்றவள் நான். அந்தப் பயம் என்னை விடவில்லை. அதனால் இரண்டு வயது மகளை பெல்ட்டில் என்னோடு கட்டிக்கொண்டு, ஸ்கூட்டரில் இருபதடி பின்னால் ஊர்ந்துகொண்டே போவேன். பையில் குளுக்கோஸ், தண்ணீர், பிஸ்கட். பிஸ்கட்டை மகள் போகும்போதே தின்றுவிடுவாள்.

டீக்கடையில் அவருடைய கூட்டாளி ஒருவர் சும்மா இருக்கவில்லை.

"மந்திரிக்கு வண்டி முன்னாடி போவும். உனுக்கு என்னாப்பா பின்னாடி வருது?"

"கீழ வுழுந்தா அள்ளிப் போட்டுக்கத்தான்" என்றார் மாமனார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

மறுநாள் அவர் ஷூவைத் தொடவில்லை.

"நடக்கப் போவலீங்களா மாமா?"

"வண்டி ஷெட்ல நிக்குது."

"உடம்பு முடியலீங்களா?"

"உடம்புக்கு என்னா? நீ பின்னாடி வரதா இருந்தா நான் போவல, அவ்ளோதான்."

நான்கு நாள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். மயங்கி விழுவாரோ என்ற பயத்தில் நடையையே நிறுத்திவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் இறங்கி வந்தேன்.

"நான் வரலீங்க மாமா. சாப்ட்டுட்டுப் போங்க, செல்போன மட்டும் எடுத்துக்கங்க."

தலையாட்டினார். இரண்டு இட்லி சாப்பிட்டுக் கிளம்பினார். அரைமணி நேரம் பொறுத்துவிட்டு போன் போட்டேன். டிவிக்குப் பின்னால் மணி அடித்தது.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. மகளைக் கட்டிக்கொண்டு விரட்டினேன். மேட்டின் பாதியில் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினால், மேலிருந்து அவர் இறங்கிக்கொண்டிருந்தார், அடி அடியாக. பின்னால் டீக்கடைக் கூட்டாளிகள் மூன்று பேர். ஒருவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமாக வர, மாமனார் திரும்பி அதட்டினார்.

"ஏறுன கியர்லயே எறங்குய்யா. நியூட்ரல்ல வுட்டா முட்டி போயிரும்."

நான் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். மகள்தான் "தாத்தா" என்று கத்திக் காட்டிக்கொடுத்தாள்.

"பாத்துட்டியா? ஆளு நல்லாத்தான் இருக்கறேன்" என்றார். "அப்ப வூட்டுக்குப் போம்மா. நாங்க நடந்து வரோம்."

கோபம் இருந்ததா என்று தெரியவில்லை; போகும்போது பேத்தியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் போனார்.

இப்போது நால்வரும் தினமும் போகிறார்கள். போன மாதப் பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருக்கிறது. அடுத்து இன்னும் மேலே, செக்போஸ்ட் வரை போகப் போகிறார்களாம். நான் பின்னால் போவதில்லை. ஆனால் செல்லை வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போகிறார். எடுத்துப் போனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடுவேன் என்று அவருக்குத் தெரியும், அதுவும் உண்மைதான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அவர் மனம் நோகாமல் செல்லைச் சட்டைப்பையில் எப்படி வைக்க வைத்தீர்கள்? எனக்குக் கொஞ்சம் எழுதுங்கள்.