சுவீடன்காரர்கள் வழக்குப் போடவில்லை

எழுபதுகளில் சின்ன காஞ்சிபுரம் நூலகத்தில் ஓர் ஐயங்கார் பெரியவர் தினமும் என் பக்கத்தில் வந்து உட்காருவார். பளிச்சென்ற நாமம், மடியில் மஞ்சள் பை. பைக்குள் வழக்குக் கட்டு. கோயிலில் பாசுரத்தை எந்தக் கோஷ்டி முதலில் தொடங்குவது என்று அவருடைய தாத்தா காலத்தில் போட்ட வழக்கு. எந்த நேரமும் தீர்ப்பு வந்துவிடலாம், உடனே பாட வேண்டியிருக்கும் என்பதால் எப்போதும் தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பார்.

நான் பட்டுப் புடவைக்கு அட்டைப்பெட்டி செய்பவன். அட்டை விலைக்காகப் பேப்பரில் வர்த்தகப் பக்கம் பார்ப்பேன்.

"என்னப்பா பார்க்கறே?" என்றார் ஒருநாள்.

"சுவீடன், பின்லாந்து ரெண்டுல யாரு காகிதமும் அட்டையும் ஜாஸ்தி ஏத்துமதி பண்றாங்கன்னு பார்த்துக்கினு இருக்கேன் சாமி. பின்லாந்துதான் முன்னாடி நிக்குது."

செருமல் நின்றது.

"சுவீடன்காரா ஸ்டே வாங்கலையா?"

"இல்ல சாமி."

"கேஸாவது போட்டாளா?"

"அதெல்லாம் ஒண்ணும் போடல."

பையைத் தடவியபடி வெகுநேரம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது.

"கேஸே இல்லேன்னா அவ்வளவு காகிதத்தை வெச்சிண்டு என்னதான் பண்ணுவா? அதான் ஏத்துமதி பண்றா."

செருமிக்கொண்டே எழுந்து போனார். அவர் சொன்னது தப்பு என்று அட்டை வியாபாரத்தில் இருக்கும் யாராலும் இதுவரை எனக்கு விளக்க முடியவில்லை.