கிண்ணத்தில் இருந்த கரி

போன வாரம் ஓட்டை ஃபிரிட்ஜைத் தள்ளிவிட ராயக்கோட்டை ரோட்டில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். பைக் என்ஜின்களுக்கு நடுவே கனத்த எஃகுக் குப்பி ஒன்று கிடந்தது. "குக்கருங்களா மேடம் அது? மூடியே தொறக்க மாட்டேங்குது," என்றார் கடைக்காரர். குக்கராம்! சிரிப்பு வந்தது. பிறகு அதைக் கையில் எடுத்தேன்.

அது பாம் கலோரிமீட்டரின் குண்டு. ஓசூர்க் கம்பெனி ஒன்றின் லேபில் பதினோரு வருஷம் அதோடுதான் குடித்தனம் நடத்தினேன். வீட்டில்கூட அவ்வளவு பொறுமை காட்டியதில்லை. பாய்லருக்கு வரும் எரிகட்டியில் ஒரு கிராமை வில்லையாக்கி, குண்டுக்குள் கிண்ணத்தில் வைத்து, ஆக்ஸிஜன் ஏற்றி, தண்ணீரில் இறக்கிப் பொத்தானை அழுத்துவேன். தண்ணீர் எத்தனை டிகிரி ஏறுகிறதோ, அதை வைத்துக் கட்டியின் வெப்பத்தைக் கணக்கிடலாம். கடைசியில் திறந்து பார்க்க வேண்டும். கிண்ணத்தில் கரி இருந்தால் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். அந்தக் கணக்கு செல்லாது, மறுபடி செய்ய வேண்டும்.

உத்தனப்பள்ளி முனிராஜு கடலைத் தொலியில் கட்டி போட்டுக் கொண்டுவருவார். தொலியைக் காயவைப்பது அவர் மனைவி ரத்னம்மா. "அவ கையில எடுத்தாலே ஈரம் தெரிஞ்சிடுமுங்க மேடம்," என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்வார். வெப்பம் குறைவு, தொலி ஈரம் என்று ஏற்கெனவே ஒரு லோடு திரும்பியிருந்தது. இன்னொன்று திரும்பினால் அவரிடம் வாங்குவதையே நிறுத்திவிடுவார்கள். அது எனக்கும் தெரியும்.

அன்றைக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் தீரும் நிலை. பாதி அழுத்தம்தான் ஏறியது. போதும் என்று விட்டேன். திறந்தால் கிண்ணம் நிறையக் கரி. வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் ஒரு மணி நேரம் ரோட்டில் நிற்க வேண்டும். கரியைத் துணியால் துடைத்தேன், வந்த குறைந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டேன், ஓடிப் போய் ஜன்னல் சீட் பிடித்தேன். மகா சாமர்த்தியசாலி! காலையில் மறுபடி செய்யலாம் என்றுதான் நினைத்தேன். நான் வருவதற்குள் லோடு திரும்பிவிட்டது.

சில மாதம் கழித்து ஓசூர் பஸ் ஸ்டாண்டில் முனிராஜு, செக்யூரிட்டி சட்டையில். பெங்களூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ரத்னம்மாவை விசாரித்தேன்.

"அவ அம்மா ஊட்டுக்கே போயிட்டா மேடம். நல்லாத்தான் காயவெச்சேன்னு சத்தியம் பண்ணா. நான் கை நீட்டிட்டேன். மிஷினு பொய் சொல்லுமுங்களா?"

வாயைத் திறந்தேன். "சொல்லாதுங்க," என்றேன். பாவி நான்.

இரும்புக் கடையிலிருந்து நேராக உத்தனப்பள்ளிக்கு பஸ் ஏறினேன், இப்போதாவது சொல்லிவிட. கம்பெனி பாய்லர் கேஸுக்கு மாறி, லேப் குடோனாகி வெகுநாளாகிறது. இங்கே முனிராஜுவின் ஷெட் இருந்த இடத்தில் மனைக்கல் நட்டிருந்தார்கள். அவர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மாதான் சொன்னாள்.

"ரத்னம்மாவா? அது செத்து ரெண்டு வருசமாச்சுங்களே. சாவுக்குப் போயிருந்தேன். கடைசி வரைக்கும், நல்லாத்தான் காயவெச்சேன், நல்லாத்தான் காயவெச்சேன்னே சொல்லிட்டு கெடந்துச்சாம்."