கடைசியில் வருபவன்

காலை ஏழு பத்துக்கு பவேரிய மலையடிவாரத்தில் அந்த அக்கா கையுறையைப் பல்லால் கழற்றிக்கொண்டிருந்தார். வெயிலில் கறுத்த மூக்கு, யாழ்ப்பாணப் பேச்சு. பனிச்சறுக்கு மட்டைகளோடு மலையேற வந்த எங்கள் ஆறு பேருக்கும் அவர்தான் வழிகாட்டி. பனிச்சரிவில் புதைந்தால் சமிக்ஞை அனுப்பவும், புதைந்தவரைத் தேடவும் உதவும் கருவி எல்லோர் நெஞ்சிலும் இருந்தது. அவர் ஒன்றைப் பனியில் புதைத்து, என்னை மட்டும் மூன்று முறை தேடவைத்தார்.

“அக்கா, நான் புதுசு, கடைசியா வாறவன். கெட்டிக்காரரைத் தேடச் சொல்லுங்கோவன்.”

“அவையள் என்னோட முன்னால வருவினம். பனி சரிஞ்சா நாங்கள் எல்லாரும் உள்ளுக்கை. வெளியில நிக்கப்போறது நீங்கள்தான், தம்பி.”

அன்று மலை அசையவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் நின்று என்னைப் பார்த்துக் கை உயர்த்தினார்; நானும் உயர்த்தினேன். நான்கு குளிர்காலங்கள் கடந்தும் அந்தக் கை கண்ணில் நிற்கிறது.

அன்று இறங்கியதும் எல்லோரும் கருவிகளை அணைத்தார்கள். வீட்டில் நான் ஜாக்கெட்டைக் கழற்றியபோது என்னுடையது இன்னும் இயங்கிக்கொண்டிருந்தது.